கண்ணனூர்: கொள்ளிடத்துக்கு வடக்கே ஒரு தலைநகரம்

சமயபுரம் போகாத திருச்சிக்காரர் இருக்க முடியாது. ஆனால் சமயபுரம் எந்தப் பேரூராட்சியில் இருக்கிறது என்று கேட்டால் பல பேர் யோசிப்பார்கள். விடை, ச. கண்ணனூர். அந்த 'ச.' சமயபுரத்தைக் குறிக்கிறது. ஊர்ப் பெயர் கண்ணனூர்தான். மாரியம்மன் பாட்டுகளில் 'கண்ணபுரம்', 'கண்ணபுரத்தாள்' என்று வருவதும் இந்த ஊர்தான்.

கண்ணனூர் ஒரு காலத்தில் தலைநகரம். சோழர், பாண்டியர் தலைநகரம் இல்லை. கர்நாடகத்து ஹொய்சாளர்கள் தமிழ்நாட்டுக்குள் வைத்திருந்த தலைநகரம். தென்னிந்திய வரலாற்றில் பெரிய திருப்பம் ஒன்று இந்த ஊர் வாசலில்தான் நடந்தது. அதற்கு நானூறு வருஷம் கழித்து ராபர்ட் கிளைவ் இங்கே நூலிழையில் உயிர் தப்பினான். இத்தனையும் ஏன் இந்த ஒரு ஊருக்கு நடக்கணும்? கொஞ்ச நாளாக என்னைக் குடைந்துகொண்டிருந்த கேள்வி இது. இந்தப் பதிவில் அதற்கு விடை தேடுவோம்.

முதலில் ஆறு

கதை புரிய மேப் வேண்டும். முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. தெற்குக் கிளை காவிரி, வடக்குக் கிளை கொள்ளிடம். இரண்டும் கல்லணைப் பக்கம் மறுபடி நெருங்கி வருகின்றன. நடுவில் இருக்கும் நீளமான தீவில்தான் ஸ்ரீரங்கமும் திருவானைக்காவலும் இருக்கின்றன. காவிரிக்குத் தெற்கே திருச்சிக் கோட்டையும் உறையூரும். கொள்ளிடத்துக்கு வடக்கே பிச்சாண்டார்கோவில், டோல்கேட், அதையும் தாண்டிச் சில கிலோமீட்டர் போனால் சமயபுரம்.

கொள்ளிடம் சாதாரண ஆறு இல்லை. காவிரியைவிட அதன் படுகை தாழ்வு, ஓட்டம் நேர், அதனால் வெள்ளம் வந்தால் அந்தப் பக்கம்தான் பாயும். தண்ணீர் முழுக்கக் கொள்ளிடத்துக்கே போய்விடக் கூடாது என்றுதான் 1836-ல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணை கட்டினார். அந்தக் கொள்ளிடத்தின் வேகம் என்னவென்று நம் தலைமுறையும் பார்த்துவிட்டது. 2018 ஆகஸ்டில் 1928-ம் வருஷத்துப் பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் சாய்ந்தன. அடுத்த சில நாளில் முக்கொம்பில் கொள்ளிடத்து மதகுகள் ஒன்பது அடித்துக்கொண்டு போயின.

இதுவே சித்திரை, வைகாசியில் போய்ப் பாருங்கள். கண்ணுக்கு எட்டிய தூரம் மணல். நடந்தே அக்கரை போகலாம். அதாவது கொள்ளிடம் வருஷத்தில் சில மாசம் அகழி, சில மாசம் சாலை. பாலம் இல்லாத காலத்தில் படை நடத்தியவர்கள் எல்லோருக்கும் இது முதல் கணக்கு.

ஹொய்சாளர்கள் இங்கே எப்படி வந்தார்கள்?

பதின்மூன்றாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் சோழர் ஆட்சி ஆட்டம் கண்டுவிட்டது. தெற்கே பாண்டியர் எழுந்துவிட்டார்கள். மூன்றாம் ராஜராஜனைக் காடவத் தலைவன் கோப்பெருஞ்சிங்கன் பிடித்துச் சேந்தமங்கலத்தில் சிறை வைத்தான். ஒரு சோழச் சக்கரவர்த்தியின் நிலைமை அது! அவனை மீட்க வந்தவன் ஹொய்சாள அரசன் இரண்டாம் நரசிம்மன். 1231 வாக்கில் அவனுடைய தண்டநாயகர்கள் வந்து மீட்ட விவரத்தைத் திருவயிந்திரபுரம் கல்வெட்டு விரிவாகச் சொல்கிறது.

உதவிக்கு வந்தவர்கள் திரும்பிப் போகவில்லை. நரசிம்மனின் மகன் வீர சோமேசுவரன் கண்ணனூரையே தன் இருப்பிடமாக ஆக்கிக்கொண்டான். ஊருக்கு 'விக்ரமபுரம்' என்று புதுப் பெயர் வைத்தான். சோழ மண்டலத்தைத் தோள்வலியால் வென்று, அங்கே தன் மனமகிழ்ச்சிக்காக அமைத்த நகரம் என்று அவனுடைய செப்பேடு இதைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறது. சோழ, பாண்டியக் கல்வெட்டுகளோ அவனை 'மாமடி' என்கின்றன. மாமன் என்று அர்த்தம். பெண் கொடுத்து, பெண் எடுத்து, இரண்டு வீட்டுக்கும் மாமனாகி, இரண்டு பேர் சண்டையிலும் பஞ்சாயத்து பண்ணுகிற இடத்தில் உட்கார்ந்துவிட்டான் சோமேசுவரன்.

சரி, உறையூர் இருக்க, திருச்சி மலைக்கோட்டை இருக்க, கண்ணனூர் ஏன்? இது என் வாசிப்புதான், ஆனால் மேப்பை வைத்துப் பார்த்தால் எனக்கு இப்படித்தான் தோன்றுகிறது. அவன் எதிரி வருவதாக இருந்தால் தெற்கிலிருந்து, மதுரையிலிருந்து வரவேண்டும். வருகிறவன் முதலில் காவிரியைத் தாண்டணும், அப்புறம் தீவைத் தாண்டணும், கடைசியில் கொள்ளிடத்தைத் தாண்டணும். வெள்ளக் காலத்தில் இரண்டு அகழி சும்மா கிடைக்கிறது. முதுகுப் பக்கம் சொந்த ஊருக்குத் திரும்பும் வழி திறந்தே இருக்கிறது. கிழக்கே சோழனையும் தெற்கே பாண்டியனையும் ஒரே இடத்திலிருந்து கண்காணிக்கலாம். ஸ்ரீரங்கமும் திருவானைக்காவலும் அரை நாள் பயணம்.

நெட்வொர்க் வேலை பார்ப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். சர்வர் இருக்கும் இடத்தைப் பிடிப்பதைவிட, அதற்குப் போகும் கேட்வேயைப் பிடிப்பது லாபம். ஸ்ரீரங்கம் சர்வர். கண்ணனூர் கேட்வே.

தீவுக்குள்ளும் ஹொய்சாளர்கள் தடம் பதித்தார்கள். சோமேசுவரன் தன் தாத்தா இரண்டாம் வல்லாளன், பாட்டி பத்மலாதேவி, அப்பா நரசிம்மன் ஆகியோர் பெயரில் வல்லாளீசுவரம், பதுமளீசுவரம், வீரநரசிங்கேசுவரம் என்று திருவானைக்காவலில் தெய்வங்களை நிறுவியிருக்கிறான். அவன் மகன் ராமநாதன் காலத்தில் ஸ்ரீரங்கம் கோயிலுக்குள் ஓர் ஆரோக்கியசாலை இருந்தது. நடுவில் அழிந்துபோன அதை கருடவாகன பட்டர் என்ற வைத்தியர் மறுபடி எழுப்பி, தன்வந்திரியை எழுந்தருளச் செய்ததை 1493-ம் வருஷத்துக் கல்வெட்டு பதிவு செய்திருக்கிறது. ஸ்ரீரங்கத்தில் தன்வந்திரி சன்னதியில் கஷாயம் வாங்கிக் குடிக்கிறவர்களில் எத்தனை பேருக்கு இந்த ஹொய்சாளத் தொடர்பு தெரியும்?

மாமனுக்கு வந்த முடிவு

1251-ல் பட்டத்துக்கு வந்த சடையவர்மன் சுந்தரபாண்டியன் மாமன் உறவெல்லாம் பார்க்கவில்லை. நேராகக் கண்ணனூர்க் கொப்பத்தை முற்றுகையிட்டான். அவனுடைய மெய்க்கீர்த்தி இந்தப் போரைப் பெரிதாகக் கொண்டாடுகிறது. (1054-ல் ராஜாதிராஜ சோழன் யானைமேல் இறந்த கொப்பம் வேறு, இது வேறு. இணையத்தில் இரண்டையும் போட்டுக் குழப்புவார்கள், கவனம்.)

ஸ்ரீரங்கத்தில் சுந்தரபாண்டியனின் சமஸ்கிருதக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஸ்ரீரங்கத்தை ஒரு தாமரைக் குளமாகவும், அதை வாட வைத்த நிலவாகக் கர்நாடக அரசனையும் அது உருவகிக்கிறது. நிலவு வந்தால் தாமரை கூம்பும் இல்லையா? சோமன் என்றாலே நிலவு; சோமேசுவரன் பெயரை வைத்தே ஒரு சிலேடை. வென்றவன் ஸ்ரீரங்கத்துக்குப் பொன் வேய்ந்தான். தோற்ற சோமேசுவரன் பின்னர் உயிரிழந்தான்.

அதோடு முடியவில்லை. சோமேசுவரன் தன் நாட்டை ஏற்கெனவே இரண்டாகப் பிரித்திருந்தான். துவாரசமுத்திரம் (இன்றைய ஹளேபீடு) ஒரு மகன் மூன்றாம் நரசிம்மனுக்கு, தமிழ்ப் பகுதி இன்னொரு மகன் ராமநாதனுக்கு. ராமநாதன் கண்ணனூரைத் திரும்பப் பிடித்துச் சில காலம் ஆண்டான். 1279 வாக்கில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் அவனையும் சோழன் மூன்றாம் ராஜேந்திரனையும் சேர்த்தே ஒழித்துக்கட்டினான். அந்த ஒரே வீச்சில் சோழ வம்சமும் முடிந்தது, கண்ணனூரில் ஹொய்சாளர் ஆட்சியும் முடிந்தது.

எண்பது வயசு ராஜா

இனி வருவதுதான் இந்த ஊர்க் கதையில் என்னை மிகவும் பாதித்த பகுதி.

1311-ல் மாலிக் காபூர் துவாரசமுத்திரத்தைத் தாக்கினான், அப்படியே தெற்கே வந்தான். 1323-ல் தில்லிப் படை ஸ்ரீரங்கத்தைச் சூறையாடியது. 1335 வாக்கில் மதுரையில் தனி சுல்தான் ஆட்சியே ஏற்பட்டுவிட்டது. அந்த சுல்தான்கள் தங்கள் வடக்கு எல்லைக் காவலுக்கு எங்கே படை நிறுத்தினார்கள் தெரியுமா? கண்ணனூரில். சோமேசுவரன் போட்ட அதே கணக்குதான், திசை மட்டும் மாறிவிட்டது.

ஹொய்சாளர்களில் மிச்சமிருந்த பெரிய அரசன் மூன்றாம் வல்லாளன். துவாரசமுத்திரம் பாதுகாப்பில்லை என்று திருவண்ணாமலையைத் தன் இருப்பிடமாக்கிக்கொண்டு போராடியவன். 1342 வாக்கில் கண்ணனூரை முற்றுகையிட்டான். அடுத்து நடந்ததை நமக்குச் சொல்பவர் மொராக்கோக்காரர் இபன் பதூதா. அவர் மதுரை சுல்தான் கியாசுத்தீனுக்கு உறவுமுறை; இருவருக்கும் மனைவியர் அக்கா தங்கை. அதனால் சுல்தான் பக்கம் நின்றுதான் எழுதுகிறார் என்பதை மனசில் வைத்துக்கொண்டு படிக்கணும்.

முற்றுகை பல மாசம் நீடித்தது. உள்ளே பதினாலு நாளைக்குத்தான் சாப்பாடு. 'ஊரைக் கொடுத்துவிட்டு உயிரோடு போங்கள்' என்றான் வல்லாளன். 'எங்கள் சுல்தானைக் கேட்டுச் சொல்கிறோம்' என்று அவர்கள் அவகாசம் கேட்க, இவனும் பதினாலு நாள் கொடுத்தான். போர் நிறுத்தம் என்று நம்பி வல்லாளனின் படை தளர்ந்தது. கடிதம் மதுரைக்குப் போய், வெள்ளிக்கிழமைத் தொழுகையில் எல்லோர் முன்னாலும் வாசிக்கப்பட்டது. சாகத் துணிந்தவர்கள் தலைப்பாகையைக் கழற்றிக் குதிரைக் கழுத்தில் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். ஆறாயிரம் பேர் என்பது இபன் பதூதாவின் கணக்கு. எதிர்ப்பக்கம் லட்சம் என்கிறார்; அதைக் கொஞ்சம் தள்ளுபடி போட்டே எடுத்துக்கொள்ளலாம்.

அவர்கள் வந்து விழுந்தது மத்தியானம், எல்லோரும் கண்ணயர்ந்த நேரம். குதிரைகள் மேயப் போயிருந்தன. யாரோ திருடர்கள் என்று நினைத்து முகாமிலிருந்து ஒழுங்கில்லாமல் ஓடி வந்தார்கள். வல்லாளன் குதிரை ஏறித் தப்பப் பார்த்தான். அவனுக்கு அப்போது எண்பது வயசு. துரத்தி வந்த சுல்தானின் அண்ணன் மகன் ஆள் தெரியாமல் வெட்டப் போக, கூட இருந்த அடிமைதான் 'இவர் அரசர்' என்று தடுத்தான். கைதியாகக் கொண்டுபோய், விட்டுவிடுகிறோம் என்று சொல்லி, பணம், யானை, குதிரை எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, பிறகு கொன்றார்கள். தோலை உரித்து வைக்கோல் அடைத்து மதுரை மதில்மேல் தொங்கவிட்டார்கள். தொங்கியதைத் தன் கண்ணால் பார்த்ததாக இபன் பதூதா எழுதியிருக்கிறார்.

இதை மதச் சண்டை என்று ஒரே வரியில் முடித்துவிடுகிற பதிவுகள் நிறைய வருகின்றன. வல்லாளனின் படையிலேயே ஏராளமான முஸ்லிம் வீரர்கள் இருந்ததாக அதே இபன் பதூதா சொல்வதை அவர்கள் மேற்கோள் காட்டுவதில்லை. அதே சமயம், கோயில்களுக்கு ஒன்றுமே நடக்கவில்லை என்று மழுப்புவதும் சரியில்லை. கண்ணனூர் ஹொய்சாளர் கோயில் மசூதியாக மாற்றப்பட்டதையும், பிறகு மீண்டும் கோயிலானதையும் விஜயநகரக் கம்பணர் காலத்துக் கல்வெட்டு பதிவு செய்திருக்கிறது. இரண்டையும் சேர்த்தே படிக்கணும்.

வல்லாளனோடு ஹொய்சாளர் அத்தியாயம் கிட்டத்தட்ட முடிந்தது. அந்த வெற்றிடத்தில்தான் விஜயநகரம் வேகமாக வளர்ந்தது. ஒரு தலைமுறைக்குள் கம்பணரின் படை மதுரை வரை வந்தது. 1371-ல் கோபணர் நம்பெருமாளை ஸ்ரீரங்கத்துக்குத் திருப்பிக் கொண்டுவந்தார். கண்ணனூர் முகாமில் அந்த மத்தியானத் தூக்கம் இல்லாமல் இருந்திருந்தால், தென்னாட்டு வரலாறு கிருஷ்ணதேவராயர் வழியாகப் போயிருக்குமா என்பதே சந்தேகம்.

1752: ஒரு ஸ்காட்லாந்துக் குடும்பம், ஒரு ஐரிஷ்காரன்

நானூறு வருஷம் தள்ளி வருவோம். ஆற்காடு நவாப் பதவிக்கு முகமது அலியும் சந்தா சாகிபும் சண்டை. முகமது அலி திருச்சிக் கோட்டைக்குள், ஆங்கிலேயர் துணையோடு. சந்தா சாகிபும் பிரெஞ்சுப் படையும் ஸ்ரீரங்கம் தீவில். பிரெஞ்சுத் தளபதி பெயர் ஜாக் லா.

இந்த 'லா' பிரெஞ்சுப் பெயர் இல்லை. எடின்பரோவில் பிறந்து, பிரான்ஸ் போய், அங்கே காகிதப் பணத்தைக் கொண்டுவந்து, 1720-ல் மிசிசிப்பி கம்பெனி சரிவோடு சரிந்த ஜான் லாவின் தம்பி மகன் இவன். அந்தக் குடும்பத்தின் லாரிஸ்டன் மாளிகை எடின்பரோவுக்கு மேற்கே, ஃபோர்த் கழிமுகத்தைப் பார்த்தபடி இன்னும் நிற்கிறது. பக்கத்தில் ஆல்மண்ட் ஆறு கடலில் சேரும் இடத்தில் கிராமண்ட் என்று ஓர் ஊர். இரண்டாம் நூற்றாண்டில் ரோமானியர்கள் அங்கே கோட்டை கட்டியிருந்தார்கள். இப்போது அமைதியான ஆற்றங்கரை ஊர், ஜனங்கள் வாக்கிங் போகிறார்கள். ஆற்று வாயைக் காக்கிற ஊர்களுக்கு உலகம் முழுக்க ஒரே ஜாதகம் போல.

ஸ்ரீரங்கத்தில் இருந்த லாவுக்கு உணவும் துணைப்படையும் பாண்டிச்சேரியிலிருந்து, ஊட்டத்தூர் வழியாக, வடக்கேயிருந்துதான் வரணும். 1752 ஏப்ரலில் கிளைவ் கொள்ளிடத்தைத் தாண்டி வந்து சமயபுரத்தில் உட்கார்ந்தான். மறுபடி அதே கேட்வே! அன்றைக்கு ஆங்கிலேயர் இந்த ஊரை எழுதியது 'சாமியாவரம்' என்று. சாலையின் இரு பக்கமும் இருந்த இரண்டு கோயில்களில் படை தங்கியது. மாரியம்மன் கோயிலும் இந்த ஹொய்சாளர் கோயிலும்தான் அவை என்று பொதுவாக அடையாளம் சொல்வார்கள்.

கிளைவ் ஊட்டத்தூர்ப் பக்கம் போய்விட்டான் என்று நம்பிய லா, 80 ஐரோப்பியர், 700 சிப்பாய்கள் கொண்ட படையை ராத்திரியில் அனுப்பினான். கிளைவ் திரும்பி வந்துவிட்டது அவனுக்குத் தெரியாது. வந்தவர்களில் 40 பேர் ஆங்கிலப் படையிலிருந்து ஓடிப்போனவர்கள், அவர்களுக்குத் தலைவன் ஓர் ஐரிஷ்காரன். காவலாள் கேட்டதற்கு ஆங்கிலத்திலேயே 'மேஜர் லாரன்ஸ் அனுப்பிய ஆட்கள்' என்று சொல்லி, நேராக முகாமுக்குள்ளே வந்துவிட்டார்கள். பாஸ்வேர்டைவிட உச்சரிப்பை நம்பினால் இதுதான் கதி.

கிளைவ் பல்லக்கில் தூங்கிக்கொண்டிருந்தான். சரமாரியாகச் சுட்டதில் காலடியில் இருந்த பெட்டி சிதறியது, பக்கத்தில் படுத்திருந்த வேலைக்காரன் செத்தான். விடியும்போது எதிரிகள் கோயிலுக்குள் மாட்டிக்கொண்டார்கள். காயம்பட்டு ரத்தம் போய், இரண்டு சார்ஜன்ட்டுகள் தோளில் சாய்ந்தபடி சரணடையச் சொல்லப் போனான் கிளைவ். அந்த ஐரிஷ்காரன் சுட்டான். குண்டு கிளைவைத் தவறவிட்டு இரண்டு சார்ஜன்ட்டுகளையும் துளைத்தது.

லால்குடித் தானியக் கிடங்கு போனது, பிச்சாண்டார்கோவில் போனது. வடகரை கைவிட்டுப் போனதும் தீவு எலிப்பொறி ஆகிவிட்டது. ஜூனில் லா சரணடைந்தான். தஞ்சைத் தளபதி மானோஜியை நம்பிப் போன சந்தா சாகிபின் தலை வெட்டப்பட்டது. ஸ்ரீரங்கத்து மதில்கள் எவ்வளவு உயரமாக இருந்தும் பிரயோஜனம் இல்லை. கண்ணனூர் சாலை அடைபட்டால் கதை முடிந்தது.

இப்போது போனால்

சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து சமயபுரத்துக்கு எந்நேரமும் பஸ். மாரியம்மன் கோயில் கூட்டம், தேங்காய்ப் பழக் கடைகள், மொட்டை அடிக்கும் இடம், எல்லாவற்றையும் தாண்டிக் கொஞ்ச தூரம் நடந்தால் போதும். 'போஜீஸ்வரன் கோயில்' என்று கேளுங்கள், வழி சொல்வார்கள். 'ஹொய்சாளர் கோயில்' என்று கேட்டால் தெரியாது.

ஹொய்சாளரைத் தமிழ்க் கல்வெட்டுகள் 'போசளர்' என்று எழுதின. போசளீஸ்வரம் நாளடைவில் போஜீஸ்வரம் ஆனது. உடனே யாரோ போஜராஜனைக் கொண்டுவந்து கதையில் சேர்த்துவிட்டார்கள். ஒரு எழுத்து நழுவியதில் ஒரு ராஜ்யமே அட்ரஸ் மாறிவிட்டது!

பேலூர், ஹளேபீடு பார்த்துவிட்டு அதே மாதிரி எதிர்பார்த்துப் போகாதீர்கள். அங்கே வேலை செய்தது வெண்ணெய் மாதிரி செதுக்க வருகிற மாக்கல். இங்கே கருங்கல், தமிழ்நாட்டுத் தச்சர்கள், தமிழ்நாட்டுப் பாணி. கட்டியவன் கன்னட அரசன் என்று கல்வெட்டு சொன்னால்தான் தெரியும். நான் போன அன்று உள்ளே மொத்தம் நாலு பேர். வெளியே நெடுஞ்சாலையில் ஹார்ன் சத்தம். அவ்வளவு பக்கத்தில் அவ்வளவு அமைதி.

தலைநகரம் போய்விட்டது, கோட்டை போய்விட்டது. ஆறு மட்டும் இரு கரைக்கும் இன்னும் ஒரு வேலை செய்துகொண்டிருக்கிறது. ஸ்ரீரங்கத்தில் இருந்த அம்மன்தான் அங்கிருந்து கண்ணனூருக்கு வந்து மாரியம்மன் ஆனாள் என்பது தல வரலாறு. அதனால் ரங்கநாதர் அவளுக்கு அண்ணன். வருஷா வருஷம் தைப்பூசத்தன்று சமயபுரத்து அம்மன் கொள்ளிடக் கரைக்கு வருவாள். ஸ்ரீரங்கத்திலிருந்து அண்ணன் வீட்டுச் சீர்வரிசை வரும். பட்டுப் புடவை, மாலை, பழம், தேங்காய் எல்லாம் தட்டு தட்டாக.

ஐந்நூறு வருஷமாகப் படைகள் மாறி மாறிக் கடந்த அதே துறைதான். அடுத்த தைப்பூசத்துக்கு முடிந்தால் போய் நின்று பாருங்கள். காலையில் போனால் போஜீஸ்வரத்தையும் பார்த்துவிட்டு சாயங்காலம் ஆற்றுக்கு வந்துவிடலாம்.